பல்லுயிர்த் தலத்தை விட்டுவிட்டு மீதியைத் தோண்டினால் என்ன? (அரிட்டாபட்டி)

26 டிசம்பர் 2024, வாசகர் கேள்வி

மத்திய சுரங்க அமைச்சகம்தான் 24ஆம் தேதியே அறிவித்துவிட்டதே. மதுரை மாவட்டம் மேலூர் அருகே சுரங்கத்துக்காக ஏலம் விட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்து, அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை நீக்கிவிட முடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டிருக்கிறார்கள். மொத்தம் 2,015 ஹெக்டேர். பாதுகாக்கப்பட்டது 193 ஹெக்டேர். அதை விட்டுவிட்டால் பறவைகளும் பிழைக்கும், நாட்டுக்கு டங்ஸ்டனும் கிடைக்கும். இன்னும் எதற்குக் கடையடைப்பு, உண்ணாவிரதம்? மேலூர்க்காரர்கள் யாராவது விளக்குங்கள்.

26 டிசம்பர், இரவு

மேலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கேட்டதற்குப் பதில்: விட்டுவிடுவதாகச் சொல்லும் பகுதி நூற்றுக்குப் பத்துகூட இல்லை. மீதியுள்ள ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஹெக்டேரில் என்ன இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. வீடு இருக்கிறது, நஞ்சை இருக்கிறது, கண்மாய் இருக்கிறது, அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழி இருக்கிறது.

இந்தப் பக்கம் வந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். அரிட்டாபட்டி என்றால் ஏழு பாறைமலைகள். மழை பெய்தால் அவை நீரைக் குடிப்பதில்லை, அப்படியே வழியவிடுகின்றன. வழிந்தது சுனையில் தங்கும், மிச்சம் ஓடையாகி முதல் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய். அரசு 2022 நவம்பரில் இதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது தந்த குறிப்பிலேயே 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் என்று கணக்கு இருக்கிறது. மலை மட்டும் 193 ஹெக்டேருக்குள் பத்திரமாக இருக்கட்டும், மலைக்கும் கண்மாய்க்கும் நடுவில் குழி வெட்டுகிறோம் என்றால் வரத்துக்கால் எங்கே போகும்? அந்த மழைநீர் குழிக்குத்தான் போகும்.

ஆகவே எல்லையை மாற்றும் யோசனையைச் சலுகை என்று நான் நினைக்கவில்லை. எதிர்ப்பவர்களில் பறவை பார்க்க வருகிறவர்களைத் தனியாகப் பிரித்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு அது.

27 டிசம்பர்

"அந்த 193 ஹெக்டேரில் அப்படி என்னதான் இருக்கிறது, கழுகா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கழுகும்தான். சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மூன்றை எல்லோரும் சொல்வார்கள்: லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு. மூன்றும் செங்குத்துப் பாறைகளில் கூடு வைக்கக்கூடியவை.

கூடு பாறையில்தான், சரி. சாப்பாடு எங்கே? லகர் வல்லூறு வெட்டவெளியில் வேட்டையாடும் பறவை. தரிசிலும் அறுத்த வயலிலும் எலி, ஓணான், சிறு பறவை என்று பிடித்துத் தின்னும். பொனெல்லிக் கழுகு ஒரு ஜோடிக்கே பல சதுர கிலோமீட்டர் தேவைப்படும். அவை கூடு கட்டும் இடத்தை வரைபடத்தில் வட்டம் போட்டுக் காப்பாற்றிவிட்டு, இரை தேடும் இடத்தை வெடி வைத்துத் தகர்த்தால், அடுத்த ஆண்டு அந்த வட்டத்துக்குள் வெறும் பாறைதான் இருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் டிசம்பர், ஜனவரியில் தொடங்கி வெயில் காலம் வரைக்கும். சுரங்கம் அதற்காகக் காலண்டர் பார்த்து வெடி வைக்காது.

எனக்குப் பறவை ஞானம் கிடையாது. பம்ப் வேலைக்காக அந்த ஊருக்குப் போகும்போது, கல்லூரிப் பையன்கள் தொலைநோக்கியோடு பாறை அடியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒருமுறை கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்கள். பாறையில் சுண்ணாம்பு ஊற்றியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தது. "அண்ணே, அந்த எச்சத்துக்கு மேலே பாருங்கள்" என்றான் ஒருவன். மேலே ஒரு பொந்து, அதன் விளிம்பில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. ஷாகீன் என்றார்கள். நான் புறா என்று நினைத்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

28 டிசம்பர்

"டங்ஸ்டன் இல்லாவிட்டால் பல்பு எரியாது" என்று எழுதியவருக்கு: ஐயா, உங்கள் வீட்டில் இன்னும் குண்டு பல்பு எரிகிறதா? மின்வாரியத்துக்கு உங்களைப் போன்ற வாடிக்கையாளர் கிடைப்பது அரிது.

30 டிசம்பர்

முந்தாநாள் கிண்டலைச் சிலர் ரசித்திருக்கிறார்கள். ஆனால் பல்பைச் சொல்லித் தப்பித்துவிட முடியாது. டங்ஸ்டன் இல்லாமல் என் பட்டறையே ஓடாது. இதைச் சொல்லாமல் இந்த இழையில் நான் பேசினால் அது நேர்மையாகாது.

லேத்தில் இரும்பைக் கடையும் முனை என்பது டங்ஸ்டன் கார்பைட். டங்ஸ்டனையும் கரியையும் சேர்த்த பொடி, அதைப் பிடித்துவைக்கக் கொஞ்சம் கோபால்ட்; அச்சில் அழுத்திச் சுட்டெடுக்கிறார்கள். நாங்கள் டிப் என்போம். சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், கையில் எடுத்தால் கனம் தெரியும். டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்துக்குச் சமம், உருகுநிலை 3,400 டிகிரிக்கு மேல். இரும்பு சிவந்து சுருள் சுருளாக உரிந்து விழும்போதும் இந்த முனை அசையாது. மழுங்கினால் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது. அதற்கென்று பச்சைக்கல் ஒன்று இருக்கிறது, அதில்தான் தீட்ட வேண்டும். பழைய ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) வெட்டுமுனைகளில்கூட டங்ஸ்டன் உண்டு. ஒரு வகையில் 18 சதவீதம் வரை.

இன்னொன்று. மேலூர் மலைகளைக் கிரானைட்டுக்காகத் துளைத்த ஜாக்ஹேமர் கம்பிகளின் நுனியில் இருந்ததும் இதே கார்பைட்தான். அந்தக் கம்பிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. குவாரி வண்டிகளுக்கு இணைப்புக் கம்பிகள் அடித்துக் கொடுத்திருக்கிறேன், கிரேன் உருளைகளுக்குப் புஷ் (உள்வளையம்) கடைந்து கொடுத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ராத்திரியிலும் ஷட்டர் திறந்திருக்கும்.

ஆகவே "டங்ஸ்டனே வேண்டாம்" என்று சொல்பவன் நானில்லை. வேண்டும். எங்கிருந்து எடுப்பது, யாரைக் கேட்டு எடுப்பது என்பதுதான் வழக்கு.

30 டிசம்பர், சற்றுப் பிறகு

"அப்படியானால் உனக்கு வேண்டும், ஆனால் பக்கத்து ஊரில் தோண்டிக்கொள் என்கிறாய்" என்று உடனே மடக்கியிருக்கிறார் ஒருவர். கூர்மையான கேள்வி. நாளை எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்.

2 ஜனவரி 2025

நாளை என்றேன், புத்தாண்டு வந்துவிட்டது.

பக்கத்து ஊரில் தோண்டு என்று நான் சொல்லவில்லை. இரண்டு விஷயம் சொல்கிறேன். தேய்ந்த டிப்புகளை ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டுவைப்பேன். பழைய இரும்புக்காரர் வந்து எடைபோட்டு வாங்கிப்போவார். இரும்புக்குக் கொடுக்கும் விலை வேறு, இதற்குக் கொடுக்கும் விலை வேறு. நான்கைந்து மடங்கு என்றெல்லாம் நினைக்காதீர்கள், அதைவிட எவ்வளவோ மேல். ஏனென்றால் அதிலிருந்து மறுபடி டங்ஸ்டன் எடுக்கலாம். உலகத்தில் இப்போது புழங்கும் டங்ஸ்டனில் கணிசமான பங்கு இப்படித் திரும்பி வருவதுதான். நம் நாட்டில் எத்தனை பட்டறைகள், எத்தனை டப்பாக்கள். அவற்றை ஒழுங்காகத் திரட்ட ஒரு திட்டம் போட்டிருந்தால், குறைந்தபட்சம் "வேறு வழியில்லை" என்ற பேச்சை நம்பியிருப்பேன்.

இரண்டாவது, தாதுவைப் பற்றி. டங்ஸ்டன் தாது என்றால் நிலக்கரி மாதிரி தோண்டியதெல்லாம் சரக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உலகத்தில் வெட்டியெடுக்கும் தாதுக்களில் பெரும்பாலும் நூறு கிலோ பாறைக்கு ஒரு கிலோகூடத் தேறாது. மீதிப் பாறையைப் பொடித்து, நீரில் அலசி, சேறாகக் கொட்ட வேண்டும். எங்கே கொட்டுவது? இங்கேதான். மேலூர் ஒருபோகப் பகுதி. பெரியாறு கால்வாய் தண்ணீர் வருமா வராதா என்று ஆண்டுதோறும் சாலையில் உட்கார்ந்து கேட்கிற ஊர். பாறை கழுவ மட்டும் தண்ணீர் எங்கிருந்தோ வந்துவிடுமா?

வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்டவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிரானைட் வந்தபோதும் இதே பேச்சுதான். உள்ளூர்க்காரனுக்குக் கிடைத்தது காவல் வேலை, கல் உடைக்கும் வேலை, லாரிக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை. இயந்திரம் ஓட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள். எனக்கு நல்ல வருமானம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் வந்த வேகத்திலேயே போனது. 2012இல் அப்போதைய ஆட்சியர் சகாயம் அறிக்கை கொடுத்து, குவாரிகளுக்குப் பூட்டு விழுந்த மாதத்தில், ஒரு நிறுவனம் எனக்குத் தரவேண்டிய பாக்கியோடு மறைந்துவிட்டது. பில் புத்தகம் இன்னும் இருக்கிறது.

பாக்கி போனால் போகிறது. அரசுக்கு வந்த இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றது அந்த அறிக்கை. உயர் நீதிமன்றம் 2014இல் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்க வைத்தது. அந்த விசாரணைக்கு ஊர் ஊராக மனு கொடுக்க வந்தவர்கள் பெரும்பாலும் பேசியது கோடிகளைப் பற்றியல்ல. கண்மாயைக் காணோம், வரத்துக்காலில் கழிவுக்கல் கிடக்கிறது, ஓடையை மறித்துச் சாலை போட்டிருக்கிறார்கள் என்றுதான். அந்தக் கல் குவியல்களில் பல இன்றும் அப்படியே கிடக்கின்றன. கீழவளவு பக்கம் போனால் சதுரம் சதுரமாக வெட்டின பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்பதைப் பார்க்கலாம். இந்தத் தலைமுறை அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தது. டங்ஸ்டன் செய்தி வந்தவுடன் ஒரே வாரத்தில் இத்தனை ஊர் எப்படித் திரண்டது என்று வெளியூர்ச் செய்தியாளர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஒத்திகை பத்தாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. அரிட்டாபட்டிக்காரர்கள் அப்போதே தங்கள் மலையில் கிரானைட் வெட்ட விடாமல் நின்றவர்கள். நின்றதால்தான் அங்கே இன்னும் மலை இருக்கிறது.

3 ஜனவரி

"மேலூரே ஒட்டுமொத்தமாகச் சுரங்கத்தில் போகப்போகிறது" என்று ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பகிராதீர்கள். ஏலம் விட்ட பகுதி 2,015.51 ஹெக்டேர், அதாவது இருபது சதுர கிலோமீட்டர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நாயக்கர்பட்டி, எட்டிமங்கலம், கிடாரிப்பட்டி, வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு என்று அந்த வட்டாரம். உண்மையே போதுமான அளவுக்கு மோசம். ஊதிப் பெருக்கினால் எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு படத்தைக் காட்டி எல்லாவற்றையும் பொய் என்று சொல்ல வசதியாகப் போய்விடும்.

5 ஜனவரி

யார் குற்றவாளி என்று இங்கே இரண்டு கட்சிக்காரர்கள் மோதிக்கொள்கிறார்கள். இருவருக்கும் கொஞ்சம் கசப்பு மருந்து.

2023 ஆகஸ்டில் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. டங்ஸ்டன் அதில் ஒன்று. குத்தகையில் கையெழுத்துப் போடுவது மாநிலம், வருமானமும் மாநிலத்துக்கு, ஆனால் எந்த இடத்தை ஏலத்தில் வைப்பது என்பதை டெல்லி முடிவு செய்யும். ஊரைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்து ஏலம் விடும் வழி இப்படித்தான் திறந்தது. 2024 நவம்பர் 7இல் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

மாநில அரசு 2023 அக்டோபரிலேயே எதிர்த்துக் கடிதம் எழுதினோம் என்கிறது. எழுதியது உண்மை. அந்தக் கடிதம் ஏலம் விடும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பற்றியது. நாயக்கர்பட்டியைக் குறிப்பிட்டு, ஏலம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் ஏன் எதிர்ப்பு வரவில்லை என்று மத்திய அரசு திருப்பிக் கேட்கிறது. அதுவும் நியாயமான கேள்விதான். தானே 2022இல் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் ஏலப் பட்டியலில் வந்திருப்பது ஒரு மாநில அரசின் கண்ணில் படாமல் போகலாமா?

டிசம்பர் 9இல் சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள், சுரங்கம் வந்தால் பதவியில் இருக்க மாட்டேன் என்றார் முதல்வர். நல்லது. ஆனால் முதலில் அசைந்தது கிராமங்கள். நவம்பர் கிராம சபைகளில் தீர்மானம் போட்ட பிறகுதான் கோட்டையில் விளக்கு எரிந்தது.

7 ஜனவரி, இரவு

கால் வலிக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

காலையில் நரசிங்கம்பட்டியில் கூட்டம். பெருமாள்மலை அடிவாரத்தில் இருந்தே ஆட்கள். மேலூரில் ஒரு கடை திறக்கவில்லை, டீக்கடை உட்பட. என் பட்டறையும் மூடித்தான். டிராக்டரில் வந்தவர்களைப் போலீஸ் மறித்தது, இறங்கி நடந்தார்கள். மதுரை நோக்கி நாற்கரச் சாலையில் கூட்டம் நகர்ந்தது, பார்க்கும் இடமெல்லாம் தலைகள். பெண்கள்தான் முன்வரிசை. என் பக்கத்தில் நடந்த ஒரு அத்தை, கரும்பு வெட்டு பாதியில் நிற்கிறது, பொங்கலுக்குள் வியாபாரி வந்துவிடுவான் என்று கவலைப்பட்டுக்கொண்டே நடந்தார். "அப்புறம் ஏன் அத்தை வந்தீர்கள்?" என்று கேட்டேன். "அடுத்த வருசம் வெட்டக் கரும்பு வேணும்ல?" என்றார்.

தல்லாகுளம் தபால் நிலையம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில். ஒரு கல் எறியப்படவில்லை, ஒரு கண்ணாடி உடையவில்லை. மற்றதை நாளை.

8 ஜனவரி

"மற்றதை நாளை" என்றது இதுதான்: நடந்து வந்தவர்கள் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் மீது என்று தெரியவில்லை. நானும் அதில் இருந்தால் என் பெயரைச் சரியான எழுத்துகளோடு போட்டால் போதும்.

16 ஜனவரி

பொங்கல் விடுமுறை, அதனால் பேச்சு எங்கெங்கோ போகிறது. போகட்டும்.

தேவாங்கு இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. அழுங்கும் இருக்கிறது; எறும்புத்தின்னி என்றும் சொல்வோம். மலைப்பாம்பும் உண்டு. தேவாங்கை ராத்திரியில் டார்ச் அடித்தால் இரண்டு சிவப்புப் புள்ளியாகத் தெரியும் என்பார்கள். அதைத் தேடி டார்ச்சோடு கிளம்பாதீர்கள், தயவுசெய்து.

கல்வெட்டுகளைப் பற்றி ஒரு பெரியவர் கேட்டார். கழிஞ்சமலைக் குகையில் சமணர் படுகை இருக்கிறது, தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. குகையைச் செய்வித்துக் கொடுத்தவர் பெயரைச் சொல்கிறது, வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். அதே மலையில் பாறைமேல் தீர்த்தங்கரர் திருமேனி. அதன் கீழே வட்டெழுத்து: மலைக்குத் திருப்பிணையன் மலை என்று பெயர், திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி, காவல் பாதிரிக்குடியார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர்க்காரர்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்; எந்தத் துறையிடமும் அல்ல. இன்னொரு மலையில் பாண்டியர் காலக் குடவரைச் சிவன் கோயில், அங்கே சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசர் சிற்பம். தமிழ்நாட்டில் அபூர்வமாகத்தான் பார்க்கலாம்.

நரசிங்கம்பட்டிப் பெருமாள்மலைக் காட்டில் காய்ந்த சுள்ளிகூட எடுக்க மாட்டார்கள். அந்தக் காடு அரசு அறிவித்த 193 ஹெக்டேரில் வராது. அறிவிக்கப்படாமலே காப்பாற்றப்பட்டது அது. முதல் நாள் கேள்விக்கு இதைத்தான் பதிலாக எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அரசிதழில் வந்தால்தான் காடு என்று வைத்துக்கொண்டால், மேலூர் வட்டாரத்தில் பாதிக் காடு காடே இல்லை.

23 ஜனவரி

ரத்து. ஏலத்தையே ரத்து செய்துவிட்டார்கள். எல்லை மாற்றமும் இல்லை, மறு ஆய்வும் இல்லை.

பட்டறைக்கு எதிரே வெடி போட்டார்கள். கழுகுக் கூடு இருக்கும் ஊரில் வெடி போடாதீர்கள் என்று சொன்னேன். "இது மேலூர் அண்ணே, அரிட்டாபட்டி இல்லை" என்று சட்டம் பேசினான் பையன். எல்லைப் பிரச்சினை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

26 ஜனவரி

வெற்றி யாருடையது என்று பட்டிமன்றம் நடக்கிறது. நேற்று 11,608 பேர் மீதான வழக்கை வாபஸ் வாங்குவதாக முதல்வர் அறிவித்தார், இன்று அரிட்டாபட்டிக்கே வந்தார். அதற்கு முன்பே அம்பலக்காரர்களை (ஊர்த் தலைவர்களை) டெல்லிக்கு அழைத்துப் போய் மத்திய அமைச்சரைச் சந்திக்க வைத்தார் பாஜக மாநிலத் தலைவர். இரண்டு சுவரொட்டிகளும் பேருந்து நிலையத்தில் அடுத்தடுத்து ஒட்டியிருக்கின்றன, பசை காயவில்லை.

முன்பு நான் இரண்டு கட்சிகளையும் திட்டினேன். திட்டியதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் ஒன்று சேர்க்கிறேன். இருவரும் போட்டி போட்டது நமக்கு நல்லதாகப் போயிற்று. போட்டி இல்லாத இடங்களில் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். வேடந்தாங்கலில் 2020இல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவை மூன்றாகக் குறைக்க மாநில அரசே முன்மொழிந்தது. அங்கும் வாதம் இதே வாதம்தான்: பறவைகள் ஏரியில் இருக்கின்றன, வெளியில் இருக்கும் நிலம் எதற்கு? ஏரியில் இருக்கும் நாரை எங்கே போய் மேய்கிறது என்று கேட்க, பட்டாசுகூடக் கொளுத்தாமல் பறவைகளைக் காத்த அந்த ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

5 பிப்ரவரி

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "நேற்று சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு அவர்களுடையது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?"

வலிக்கும் என்றுதான் சொல்கிறேன். டிப் விற்கும் கடைக்காரர் இன்று காலையே பழைய விலைக்குத் தர முடியாது என்றார். விலை ஏறினால் பம்ப் ஷாஃப்ட் கடையும் கூலியும் ஏறும், அது விவசாயி தலையில்தான் விழும். இதற்காக உடனே என் பேச்சை மாற்றிக்கொள்ள முடியாது, ஆனால் முன்பைவிடக் கடினமான பேச்சு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேளுங்கள். ராஜஸ்தானில் தேகானா என்ற இடத்தில் ஏற்கெனவே டங்ஸ்டன் சுரங்கம் இருந்தது. கட்டுப்படியாகவில்லை என்று மூடினார்கள். தோண்டிய குழியும் கழிவு மேடும் அங்கே தயாராக இருக்கின்றன. நெல் விளையும் ஊரைத் தொடுவதற்கு முன் அந்தக் கழிவு மேட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று சலித்துப் பார்க்கட்டும். என் பெயின்ட் டப்பாவும் தயார்.

6 பிப்ரவரி

"டப்பாவைச் சீனாவுக்கு விற்றுவிடாதீர்கள்" என்று எழுதிய நண்பருக்கு: பழைய இரும்புக்காரர் எங்கே விற்கிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்கிறேன்.

20 ஏப்ரல்

இது வேறு தொல்லை. போராட்டத்துக்குப் பிறகு அரிட்டாபட்டி பிரபலமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசை கட்டுகின்றன. பம்ப் இறக்கப் போனபோது பாறைக்கு நேரே ஒருவர் ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். குஞ்சு வளரும் மாதம். ஊர்ப் பெரியவர் ஒருவர் போய் "தம்பி, சுரங்கத்தையே விரட்டினோம், இதை இறக்க மாட்டாயா?" என்றார். இறக்கிவிட்டார்.

போகிறவர்கள் போங்கள், மதுரையிலிருந்து மேலூர் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர்தான். சுனையில் சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள், பிராமி எழுத்தின் மேல் கை வைக்காதீர்கள், ஊருக்குள் மெதுவாகப் போங்கள், நெல் காயும்.

நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காட்டை இரண்டாவது பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். ஐந்து ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. மகிழ்ச்சி. எனக்கு உடனே தோன்றிய கேள்வி: சுற்றியிருக்கும் மாந்தோப்புகள்?

14 செப்டம்பர்

இழையை மூடலாம் என்று நினைத்திருந்தேன். செப்டம்பர் 8இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டிருக்கிறது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் சுரங்கங்களுக்கு இனிப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சிலர் "நாயக்கர்பட்டிதான் ரத்தாகிவிட்டதே, நமக்கென்ன" என்கிறார்கள். ரத்தானது ஒரு ஏலம். பாறைக்குள் இருக்கும் டங்ஸ்டன் அப்படியேதான் இருக்கிறது, விலையும் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு முறை வந்தால் கருத்துக்கேட்பு என்ற படி இருக்காது, 193 ஹெக்டேரை முதலிலேயே கழித்துவிட்டு வருவார்கள். அப்போது "பல்லுயிர்த் தலத்தைத்தான் தொடவில்லையே" என்ற பதில் கையில் தயாராக இருக்கும். இந்த வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும்படி ஜனவரியில் கேட்டோம், அது இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த கிராம சபைக்கு "சுரங்கம் வேண்டாம்" என்ற ஒற்றை வரியோடு போகாதீர்கள். உங்கள் கண்மாய்க்கு வரும் ஒவ்வொரு வரத்துக்காலின் சர்வே எண்ணையும் எழுதி எடுத்துப் போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (ஊரின் நில விவரப் பதிவேடு) புல வரைபடமும் இருக்கும், கேட்டு வாங்கலாம். எந்த மலையிலிருந்து எந்த ஓடை, எந்தக் கலுங்கு, எந்தக் கண்மாய் என்று தீர்மானத்திலேயே பதிவாகட்டும். மேலூரில் நகல் எடுக்க ஆள் இல்லை என்றால் பட்டறைக்கு வாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் நம் ஆள், பாதி விலைக்குப் போட்டுத் தருவார்.